மேல் வீட்டு அக்காவின் பெல்ட்

கீழே விழுந்த பேனாவை எப்படி எடுக்கிறோம் என்பதை வைத்தே நம்மில் ஒருவரை இன்னொருவர் கண்டுபிடித்துவிடலாம். ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, தலை நிமிர்ந்தபடியே இறங்குவோம். பார்ப்பவர்கள் ஏதோ யோகாசனம் செய்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். முதுகில் கம்பியும் திருகாணியும் இருப்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் கல்லூரிப் பெண் ஒருத்தி, “முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் வாழ்க்கை எப்படி இருக்கும்?” என்று கேட்டிருந்தாள். ஆளாளுக்குப் பூப்படம் போட்டுத் தைரியம் சொன்னீர்கள். எனக்குப் பூப் போட மனம் வரவில்லை. நமக்கு நாற்பது வந்துகொண்டிருக்கிறது. மற்றவர்களுக்கு அது நடுவயது. நம் முதுகுக்கு அது எப்போதோ முதுமை ஆகிவிட்டது. இனிமேலாவது உள்ளதைச் சொல்லலாம் என்று பார்க்கிறேன்.

நான் வளர்ந்தது ஹைதராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். காலையில் சங்கு ஊதியதும் தெருவே சைக்கிளாகிவிடும். வீட்டில் திருச்சித் தமிழ், படிக்கட்டில் தெலுங்கு, பள்ளிக்கூட வேனில் எல்லாம் கலந்த ஒன்று. என்ன கேட்டாலும் என் வாயில் “ஹவ்” என்றுதான் வரும். அப்பாவுக்கு அது பிடிக்காது. “ஹவ் என்னடி ஹவ்? ஆமாம்னு சொல்லு” என்பார். சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட நான் ஒருமுறை ஹவ் சொல்லி, அவர் திருத்தி, நான் ஆமாம் சொன்ன பிறகுதான் பேச்சு மேலே நகரும்.

எங்கள் மாடிப்படியில் எதையும் வீணாக்குகிற வழக்கம் இல்லை. மேல் வீட்டு அக்கா என்னைவிட மூன்று வகுப்பு மூத்தவள். அவளுடைய யூனிஃபார்ம், அட்லஸ், காம்பஸ் பெட்டி, மழைக்கோட்டு எல்லாம் வருடா வருடம் எனக்கு இறங்கி வரும். வாங்கிக்கொண்ட பொருளைக் குறை சொல்லக்கூடாது என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சட்டம். கொடுத்தவர் அதைப் பற்றி மறுபடி பேசக்கூடாது என்பது அதற்கு அடுத்த சட்டம். அந்த அக்காவிடமிருந்து எனக்குக் கடைசியாக இறங்கி வந்ததுதான் பெல்ட்.

ஏழாம் வகுப்பில் அம்மா எனக்கு இரட்டைப் பின்னல் போடுவாள். ஒரு ரிப்பன் எப்போதும் மற்றதைவிடக் கீழே நிற்கும். அவிழ்த்துப் பின்னுவாள், மறுபடி அப்படியே நிற்கும். “நேரா உக்காருடி” என்று சீப்பின் முதுகால் தோளில் தட்டுவாள். நான் நேராகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் மொட்டை மாடியில் துணி எடுக்கக் குனிந்தபோது, மேல் வீட்டு அத்தை என் சட்டைக்கு மேலே விரலை ஓட்டிப் பார்த்து, “அய்யோ, இவளுக்கும் இருக்கு போல” என்றாள். அக்காவுக்கு அந்தக் கோடையில்தான் முதுகு ஆபரேஷன் முடிந்திருந்தது. அந்த வீட்டில் எல்லோருடைய விரலுக்கும் முதுகெலும்பு பழகிப் போயிருந்தது.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டினார். என் முதுகுத்தண்டு ஆற்றுப்பாதை போலப் பக்கவாட்டில் வளைந்திருந்தது. வளர்ச்சி முடியும்வரை பிரேஸ் போட்டால் வளைவு நிற்கலாம், நிற்காவிட்டால் ஆபரேஷன் என்றார். பிரேஸ் என்றால் கழுத்துக்குக் கீழிருந்து இடுப்பு வரை உடம்பைச் சுற்றிப் பிடிக்கிற கெட்டிப் பிளாஸ்டிக் கூடு; எங்கள் மாடிப்படியில் அதற்குப் பெயர் பெல்ட். அதற்கு அளவு எடுக்கப் பக்கத்து அறைக்குப் போகச் சொன்னார்.

அந்த அறையில் கை முழுக்க வெள்ளை மாவோடு இரண்டு ஆண்கள் இருந்தார்கள். மெல்லிய பனியனோடு நிற்க வேண்டும், ஈரமான மாவுக்கட்டுத் துணியை உடம்பைச் சுற்றிக் கட்டி அச்சு எடுப்பார்கள். அம்மா வாசலில் இருந்தே பார்த்தாள். முந்தின மாதம்தான் எனக்குச் சடங்கு முடிந்திருந்தது. என் கையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

“பெரிய மனுஷி ஆன பொண்ண ரெண்டு ஆம்பளைங்க தொட்டுக் கட்டுப் போடுவாங்களா? அதான் மேல ஒண்ணு சும்மா கெடக்குதே” என்று பஸ்ஸில் அப்பாவிடம் சொன்னாள்.

“அது அவ அளவும்மா” என்றேன் நான்.

“அளவுதானே” என்றார் அப்பா. “அத நான் பாத்துக்கிறேன்.”

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த தெளிச்சியை நான் மறக்கவில்லை. எக்ஸ்ரே அறையிலும் டாக்டர் முன்னாலும் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர், தனக்குத் தெரிந்த வேலை ஒன்று கிடைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய பாகத்தை வேறு வண்டிக்குப் பொருத்துவதுதானே அவருடைய தினசரிப் பிழைப்பு.

பெல்ட் கீழே வந்தது. உள்ளே பாண்ட்ஸ் பவுடரும் பழைய வியர்வையும் கலந்து மணத்தது. விளிம்பில் அக்கா பேனாவால் சின்னச் சின்ன நட்சத்திரம் போட்டு வைத்திருந்தாள். அப்பா ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு உட்கார்ந்தார். விளிம்பைச் சுடவைத்து மடக்கினார், அரத்தால் ராவினார், புது வார் வைத்து ரிவெட் அடித்தார். அம்மா என்னை உள் அறையில் அதற்குள் நிறுத்தி, எங்கே இடிக்கிறது, எங்கே தொளதொளவென்று இருக்கிறது என்று கதவுக்கு இந்தப் பக்கம் குரல் கொடுப்பாள். அப்பா அந்தப் பக்கம் இருந்து கேட்டுச் சரிசெய்வார்.

ஒரு பக்கம் மட்டும் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அப்பாவுக்கு இடைவெளி என்றால் ஆகாது. ஒரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் நூல் அளவு ஆட்டம் இருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. கெட்டியான ஃபோம் வெட்டி அந்த இடத்தை ஒட்டி அடைத்தார். பிறகு பெல்ட் என் உடம்போடு சிக்கென்று உட்கார்ந்தது. நான் சட்டை போட்டு வெளியே வந்ததும் அப்பா அதை விரலால் தட்டிப் பார்த்தார். கதவைத் தட்டுவதுபோல் டொக் டொக் என்றது. “பக்கா” என்றார்.

குளிக்கிற நேரம் தவிர நான் அதைக் கழற்றவில்லை. ஹைதராபாத் ஏப்ரல் வெயிலில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருப்பது எப்படி என்று உங்களில் சிலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் பனியனைத் தையல் உறுத்தாமல் இருக்க உள்வெளியாகத் திருப்பிப் போட்டு, அதற்கு மேல் பெல்ட், அதற்கு மேல் யூனிஃபார்ம். மத்தியானத்துக்குள் பனியன் பிழிந்த துணியாகிவிடும். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகள் என் வயிற்றைத் தட்டி, “உள்ள யாரு?” என்று கேட்பார்கள். நானே பதிலுக்கு, “யாரும் இல்ல, அப்புறம் வாங்க” என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

எனக்கு ஒரே பயம்தான், ஆபரேஷன். மாடியில் அக்காவை இரண்டு பேர் பாயைப் புரட்டுவதுபோல் ஒரே வீச்சில் புரட்டிப் படுக்க வைத்ததைப் பார்த்திருந்தேன். “நான் ஒழுங்கா போடல ரே” என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். “ஸ்கூலுக்குப் போனதும் கழட்டி பைல வெச்சிருவேன். அதான் கட் பண்ணிட்டாங்க. நீ நக்கோ ரே, அப்பிடிப் பண்ணாத. போட்டுக்கோ.” அந்தப் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். இடுப்பில் தோல் உரிந்து பனியனில் ஒட்டிக்கொண்டபோதும் கழற்றவில்லை. ஒழுங்காக இருந்தால் தப்பிக்கலாம் என்று நம்புகிற வயது அது.

ஒரு நாள் அக்கா கேட்டாள், “எனக்கு வலப்பக்கம் விலாவில அழுத்தும். உனக்கு எங்க அழுத்துது?”

“அங்கதான்.”

“உனக்கு முதுகு எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு?”

“இடப்பக்கம்.”

அவள் என் பெல்ட்டை இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அவள் அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அத்தையின் குரல் எனக்கு நன்றாகவே கேட்டது. “கைக்கு? எதுக்கு உனக்கு இதெல்லாம்? கொடுத்த சாமானப் பத்தி அப்புறம் பேசுவாங்களா? அவங்கப்பா எவ்ளோ கஷ்டப்பட்டு சரி பண்ணாரு.” அக்கா திரும்பி வந்து என் பின்னலைச் சரிசெய்துவிட்டாள். வேறு ஒன்றும் பேசவில்லை. நானும் அதை வீட்டில் சொல்லவில்லை. வாங்கிக்கொண்ட பொருளைக் குறை சொல்லக்கூடாது என்பது எனக்கும் பாடமாகியிருந்தது.

ஆறு மாதத்தில் வரச் சொன்ன டாக்டரிடம் ஒரு வருடம் கழித்துத்தான் போனோம். நான்தான் ஒழுங்காகப் போடுகிறேனே, அவசரம் என்ன என்று இருந்துவிட்டார்கள். டாக்டர் புது எக்ஸ்ரேயைப் பார்த்தார், பழையதைப் பார்த்தார். வளைவு நன்றாக ஏறியிருந்தது. “அம்மாயி... பொண்ணு இதப் போட்டுக்கறதில்லையா?” என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார். அம்மா பதறிப்போய் என் சட்டையைத் தூக்கி இடுப்புக் காய்ப்பைக் காட்டினாள். வேறு ஆண் முன்னால் அம்மா என் சட்டையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் பெல்ட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நட்சத்திரங்களைப் பார்த்தார். ஃபோமை விரலால் அழுத்தினார்.

“இது யாரோடது?”

அப்பா சொன்னார். தான் சரிசெய்ததையும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பாவம்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெல்ட்டை எக்ஸ்ரேக்குப் பக்கத்தில் பிடித்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு வளைவு வலப்பக்கம், உங்கள் பெண்ணுக்கு இடப்பக்கம். தள்ள வேண்டிய இடத்தில் இது தள்ளவில்லை, தள்ளக்கூடாத இடத்தில் தள்ளியிருக்கிறது. உடம்பு நகர்ந்து வருவதற்காக ஒரு பக்கம் காலி இடம் விட்டுச் செய்வார்கள். “அந்த கேப் வேணும்னே விட்டது சார். நீங்க அதை ஃபோம் வெச்சு அடைச்சிட்டீங்க.”

“இதைப் போடாம இருந்திருந்தா?” என்று அப்பா கேட்டார்.

“சொல்ல முடியாது. சரியான பிரேஸ் போட்டும் சிலருக்கு ஆபரேஷன் வருது. இப்ப வேற வழி இல்ல.”

சொல்ல முடியாது என்ற அந்த வார்த்தைதான் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு குடியிருந்தது. திட்டவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. பஸ்ஸில் பெல்ட் அப்பா மடியில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் போட்டார். நான் ஒழுங்காக இருந்த ஒரு வருடமும் அதோடு பரணுக்குப் போயிற்று. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

ஆபரேஷனைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன், நமக்குத் தெரியாததா. ஒன்று மட்டும் சொல்கிறேன். பச்சைத் துணியை விலக்கி என்னை மேசையில் போட்டபோது அந்த அறையில் எத்தனை ஆண்கள் இருந்தார்கள் என்று எண்ணப் பார்த்தேன், மருந்து முந்திக்கொண்டது. மாவுக்கட்டு அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள் என்று பிறகு சொன்னார்கள்.

எழுந்து நின்ற அன்றைக்கு உலகம் கொஞ்சம் பள்ளத்தில் இருந்தது. உயரம் கூடியிருந்தேன். பாவாடைக்கு மடிப்புப் பிரித்துவிட வேண்டியிருந்தது. இரட்டைப் பின்னலில் இரண்டு ரிப்பனும் ஒரே மட்டத்தில் நின்றன. அம்மா அவற்றை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் என் பின்னாலேயே நின்றாள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் எடுத்துக்கொண்டு மாடிப்படி முழுக்கப் பார்க்க வந்தது. “ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கா” என்றார்கள். அப்பா எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்து, “போல்ட்டெல்லாம் நல்லா உக்காந்திருக்கு” என்றார். அதற்குப் பிறகு அவர் என் முதுகைப் பற்றிப் பேசியதில்லை.

நம்முடைய கஷ்டமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கோணலாக இருந்தபோது எல்லோரும் பாவம் பார்த்தார்கள். நேராகிவிட்டவளுக்கு வலிக்கும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கல்யாண வீடுகளில் பெரியவர்கள் காலைக் குனிந்து தொட முடியாது. முட்டி போட்டுக் கும்பிட்டால், “ஹைதராபாத் பொண்ணு, வணங்காது” என்றார்கள். மெட்டுகுடா வளைவில் பஸ் குலுங்கினால் கம்பி இருக்கிற இடம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். டிசம்பர் குளிரில் முதுகுக்குள் யாரோ ஈரத்துணி வைத்ததுபோல் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை டாக்டர், “பெயின் இருக்கா?” என்று கேட்பார். பக்கத்து நாற்காலியில் அப்பா, எக்ஸ்ரே உறையைப் பிடித்தபடி, தீர்ப்புக்கு நிற்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். நான் இல்லை என்பேன். அவர் மூச்சு விடுவது கேட்கும்.

அக்கா இன்ஜினியரிங் முடித்து மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வருடங்களில் எங்கள் மாடிப்படியில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் அந்தக் கட்டடம்தான் கோயில். கம்பெனி கார் வாசலுக்கு வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும்போது அத்தை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். கார் திரும்பி வரும்போது அக்கா நேரே மொட்டை மாடிக்குப் போய் வெறும் சிமெண்ட்டில் மல்லாந்து படுத்துவிடுவாள். நாள் முழுக்க உட்கார்ந்த முதுகு அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சொந்தமாகும். ஒன்றரை வருடம் தாக்குப்பிடித்தாள். வேலையை விட்டபோது அத்தை அம்மாவிடம் வந்து அழுதாள். “நேராத்தானே இருக்கா. நின்னு கல்லு ஒடைக்கவா சொன்னாங்க, ஏசில உக்காரத்தானே சொன்னாங்க? சோம்பேறித்தனம்.” அக்கா அன்றைக்கும் மாடியில்தான் இருந்தாள். பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் தண்ணீர் டேங்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். அவள் இப்போது அண்ணன் வீட்டில், வேறு ஊரில் இருக்கிறாள். போனில் நின்றுகொண்டேதான் பேசுவாள்.

கடைசியாக ஒன்று. அப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து உப்பல் பக்கம் வாடகை வீட்டுக்குப் போகிற வாரம். எனக்கு வேலை கிடைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பரணில் இருந்த எல்லாம் கூடத்தில் இறங்கிக் கிடந்தன. கீழ் வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த சேலத்துக்காரப் பெண் தன் மகளோடு மேலே வந்தாள். பத்து, பதினொரு வயது இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. இரட்டைப் பின்னல். ஒரு ரிப்பன் கீழே நின்றது.

“உங்க வீட்டுல ஒரு பெல்ட் இருக்குதாமே சார்” என்றாள். “டாக்டரு இவளுக்கு எழுதியிருக்காரு. நீங்களே அளவு சரிபண்ணிக் குடுப்பீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க.”

அம்மா எதையும் யோசிக்கவில்லை. பழக்கம்தான். “ஆமா, சும்மாதான் கெடக்குது” என்று போர்வை மூட்டையைக் காட்டினாள்.

அப்பா மூட்டையை அவிழ்த்தார். பிளாஸ்டிக் பழுத்து மஞ்சளாகியிருந்தது. நட்சத்திரங்கள் அப்படியே இருந்தன. அவர் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். கட்டி வைத்திருந்த கருவிப் பெட்டியைத் திறந்து ஹேக்சாவை எடுத்தார். அளவு குறைக்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்து அந்தப் பெண் மகளை முன்னால் தள்ளி நிறுத்தினாள். அப்பா பெல்ட்டை முட்டிக்கு நடுவில் இடுக்கி, அதன் நடு முதுகில் பிளேடை வைத்து, மேலிருந்து கீழ்வரை அறுத்தார். ஃபோம் வந்த இடத்தில் பழைய பசையும் தூளும் உதிர்ந்தன. பிளாஸ்டிக் இரண்டாகப் பிளந்து தரையில் ஆடி நின்றது.

“பிள்ளைய அழைச்சிட்டுப் போயி அளவு எடுங்கம்மா. அவளுக்குன்னு புதுசா எடுக்கணும். மாவுக்கட்டுப் போடுவாங்க, போடட்டும். இது ஆகாது.”

“குடுக்க மனசில்லைன்னா வாயால சொல்லியிருக்கலாம் சார்” என்றாள் அவள். முகம் சிவந்துவிட்டது. “நல்ல சாமான வெட்டிப் போடணுமா? இதப் போட்டுத்தானே உங்க பொண்ணு இவ்ளோ நேரா நிக்குது.” மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு அளவு எடுத்தார்களா, எடுக்கவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் மறுநாள் காலி செய்துவிட்டோம்.

அம்மா, “இப்படியா மூஞ்சில அடிச்ச மாதிரி செய்வீங்க” என்று முணுமுணுத்துக்கொண்டே சமையல்கட்டுக்குப் போனாள். அப்பா இரண்டு துண்டுகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் சுவரைப் பிடித்து, ஒரு முட்டியை ஊன்றி, நம் மாதிரி இறங்கித் துண்டுகளைப் பொறுக்கினேன். நான் இறங்கியதையும் எழுந்ததையும் அவர் முழுதாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருடத்தில் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

“இன்னமும் வலிக்குதாம்மா?” என்று கேட்டார்.

பக்கத்தில் டாக்டர் இல்லை. எக்ஸ்ரே உறை இல்லை. வழக்கமான பதில் தொண்டைவரை வந்தது, அதற்கு முன்னால் மற்றது வந்துவிட்டது.

“ஹவ்” என்றேன்.

அப்பா திருத்தவில்லை.